வளர்ச்சி ஹார்மோன் 0.08 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறதா?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. மகனுக்கு ஒன்பது வயது முடிந்திருக்கிறது. உயரம் 115 செ.மீ., எடை 19 கிலோ. ஏழாவது பிறந்தநாளில் அளந்தபோது 105 செ.மீ. அப்பா 163, அம்மா 150. பள்ளிக்கூட வரிசையில் எப்போதும் இவன்தான் முதல் ஆள். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, ஒரு லேபில் "வளர்ச்சி பேக்கேஜ்" எடுத்திருக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் 0.08 நானோகிராம், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 6.1. இரண்டும் தடித்த எழுத்தில். "ஹார்மோன் குறைபாடுதானா? ஊசியை எப்போது தொடங்குவது? இன்னும் என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?"

அந்த 0.08-ஐ முதலில் மறந்துவிடுங்கள். லேப் தப்பாக அளக்கவில்லை. ஆனால் அதே காலை நேரத்தில், வகுப்பிலேயே நெட்டையான பையனின் ரத்தத்தை எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வந்திருக்கக்கூடும்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை நாள் முழுக்கச் சீராகச் சொட்டவிடுவதில்லை. முறை வைத்து வாய்க்கால் திறப்பார்களே, அந்த மாதிரி. திறந்தால் குபுகுபுவென்று பாயும், அடைத்தால் சற்று நேரத்தில் தரை காய்ந்துவிடும். பெரிய பாய்ச்சல் இரவில், ஆழ்ந்து தூங்கத் தொடங்கிய பிறகு நடக்கும். ரத்தத்துக்குள் வந்த ஹார்மோன் இருபது நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஆக, காலை எட்டு மணிக்கு லேபில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை எடுக்கும் ரத்தம், மடை அடைத்திருக்கும் நேரத்தில் வாய்க்காலைப் போய்ப் பார்த்த கதைதான். தண்ணீர் இல்லை என்பதற்காக அணையே வற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. தற்செயலாக எண் 10, 15 என்று உயர்ந்து வந்திருந்தால், குறைபாடு இருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல அது உதவியிருக்கும். குறைவாக வந்தால் ஒன்றுமே சொல்லாது. இதற்கு விதிவிலக்கு பிறந்த குழந்தை. முதல் சில நாட்களில் இந்த ஹார்மோன் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதனால் பிறந்த வாரத்தில் சர்க்கரை அடிக்கடி இறங்குகிற குழந்தைக்கு ஒற்றை ரத்தமே பெரிய தடயம். ஒன்பது வயதுப் பையனுக்கு அது பொருந்தாது. இந்த டெஸ்டைப் பேக்கேஜில் சேர்த்து விற்பதே எனக்கு எரிச்சலான விஷயம். இதனால் தூக்கம் கெட்ட பெற்றோர் நிறையப் பேர்.

இனி உங்கள் கேள்வியிலேயே இருக்கும் நல்ல செய்திக்கு வருகிறேன். நீங்கள் காசு செலவில்லாமல் ஒரு டெஸ்ட் எடுத்து, அதன் ரிசல்ட்டையும் எழுதியிருக்கிறீர்கள். ஏழு வயதில் 105, ஒன்பதில் 115. இரண்டு வருஷத்தில் பத்து செ.மீ., அதாவது வருஷத்துக்கு ஐந்து. குழந்தை ஹார்மோன் டாக்டர் உங்கள் ஃபைலில் முதலில் தேடுவது இந்தக் கணக்கைத்தான். பிறந்த முதல் வருஷம் குழந்தை 25 செ.மீ. வளரும். இரண்டாம் வருஷம் பத்து, பன்னிரண்டு. நாலு வயதிலிருந்து பருவமடையத் தொடங்கும் வரை வருஷத்துக்கு ஐந்திலிருந்து ஆறு. அந்தக் கட்டத்தில் நாலுக்கும் கீழே போனால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்று பொருள். உண்மையான வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தை வருஷத்துக்கு ஐந்து செ.மீ. என்று தொடர்ந்து வளர்ந்துகொண்டிருப்பது அபூர்வம். குட்டையாக இருப்பது வேறு, வளராமல் நிற்பது வேறு. டாக்டருக்குக் கவலை தருவது இரண்டாவது.

ஆனால் அந்த இரண்டு அளவும் சரியாக எடுத்தவைதானா என்று நான் கேட்பேன். ஒரே சுவர், செருப்பில்லாமல், குதிகாலும் பின்தலையும் சுவரில் படும்படி, தலையில் கனமான புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்து, ஒரே நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். காலையில் எழுந்ததற்கும் சாயங்காலத்துக்கும் ஒரு செ.மீ. வரை உயரம் குறையும், ஏனென்றால் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நாள் முழுக்க அழுந்துகின்றன. ஒரு தடவை காலையிலும் இன்னொரு தடவை ஸ்கூல் விட்டு வந்த பிறகும் அளந்திருந்தால் கணக்கில் ஒரு செ.மீ. காணாமல் போயிருக்கும். அதனால்தான் மூன்று மாத இடைவெளி அளவுகளை நாங்கள் நம்புவதில்லை. குறைந்தது ஆறு மாதம் வேண்டும், ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது.

அடுத்து உங்கள் இருவரின் உயரம். ஆண் குழந்தைக்கு அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். (பெண் குழந்தைக்கு 13-ஐக் கழிக்க வேண்டும்.) உங்கள் மகனுக்கு 163 வருகிறது. இரு பக்கமும் எட்டு செ.மீ. விட்டுப் பார்த்தால் 155-க்கும் 171-க்கும் நடுவில் எங்கேயோ அவன் போய் நிற்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே ஐ.ஏ.பி. என்கிற இந்தியக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையைப் பயன்படுத்துகிறோம். அதில் உங்கள் மகன் கடைசிக் கோட்டுக்கு, அதாவது நூறு பேரில் மூன்றாவது ஆளுக்கான கோட்டுக்கு, கீழே இருக்கிறான். வீட்டிலேயே உயரம் குறைவுதான், ஆனால் அந்த வீட்டுக்கும்கூட இவன் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான். அதனால் "பரம்பரை, விட்டுவிடுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டியதைப் பார்ப்போம், அவசரமில்லாமல்.

எதை முதலில் பார்ப்பது என்பதை அவன் உடல்வாகே சொல்லும். குட்டையாகவும் குண்டாகவும் இருக்கும் குழந்தையைப் பார்த்தால் தைராய்டு, கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் என்று என் மனம் ஓடும். சாப்பாடு கூடி மட்டும் குண்டான பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கு மீறி உயரமாகத்தான் இருப்பார்கள். ஆகவே எடை ஏறி உயரம் நின்றுபோன குழந்தையை "கொழுகொழு" என்று கொஞ்சிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. ஒல்லியாகவும் குட்டையாகவும் இருந்தால் ஹார்மோனுக்கு முன்னால் சாப்பாடு, குடல், சிறுநீரகம், ரத்தசோகை, நாள்பட்ட நோய் இவற்றைப் பார்ப்போம். உங்கள் மகன் 115 செ.மீ. உயரத்துக்குப் பொருந்திய எடையில், கொஞ்சம் ஒல்லிப் பக்கமாக இருக்கிறான். அதனால் முதல் சுற்றில் பெரிய ஹார்மோன் பட்டியல் வேண்டாம். ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், பைகார்பனேட், கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், சிறுநீர் டெஸ்ட், அவ்வளவுதான். பைகார்பனேட்டை யாரும் கேட்டு எழுதுவதில்லை. சிறுநீரகக் குழாய்கள் அமிலத்தை வெளியேற்றாமல் விட்டால் குழந்தை வளராது, அதைக் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான டெஸ்டும் இந்தச் சுற்றிலேயே வரும். வட இந்தியாவில் அந்த நோய் அதிகம், நம் பக்கம் குறைவு. ஆனாலும் குட்டையாக இருப்பது மட்டுமே அதன் ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் சேர்த்துவிடுவது நல்லது. கூடவே, பையனுக்கு வீசிங்குக்கோ தோலுக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு ஏதாவது போகிறதா என்று பாருங்கள். அதுவும் வளர்ச்சியை அமுக்கும்.

டி.எஸ்.எச். 6.1 பற்றி. தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அது இல்லாமல் டி.எஸ்.எச். பாதி வாக்கியம். டி4 சரியாக இருந்து, டி.எஸ்.எச். மட்டும் பத்துக்குள் லேசாக ஏறியிருந்தால் அது பையன் குட்டையாக இருப்பதற்குக் காரணம் ஆகாது. தைராய்டால் வளர்ச்சி நின்ற குழந்தைகளிடம் டி.எஸ்.எச். ஐம்பது, நூறு என்று தாறுமாறாக இருக்கும். முகம் உப்பி, மலச்சிக்கலோடு, குளிர் தாங்காமல், படிப்பில் மந்தமாகி வருவார்கள். உங்கள் மகனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, தைராய்டு ஆன்டிபாடி மூன்றையும் ஒருசேர எடுங்கள். அதுவரை மாத்திரை தேவையில்லை. இதற்கு நேர்மாறான கண்ணியும் உண்டு. பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் டி4 குறைந்திருக்கும், டி.எஸ்.எச்.சோ சமத்தாக நார்மல் என்று காட்டும். டி.எஸ்.எச்.சை மட்டும் பார்த்து "தைராய்டு ஓகே" என்று அனுப்பிவிடக் கூடாது என்பது இதனால்தான். இன்னொன்று, முடி வளர என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா? அதிக டோஸ் பயோட்டின் சில லேப் இயந்திரங்களைக் குழப்பி, இல்லாத தைராய்டு நோயை ரிப்போர்ட்டில் உண்டாக்கும். ரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது எலும்பு வயது. இது ஹார்மோன் டெஸ்ட் இல்லை, இடது கைக்கும் மணிக்கட்டுக்கும் எடுக்கும் ஒரு எக்ஸ்ரே. ஆனால் ஹார்மோன் எண்களுக்குப் பொருள் தருவதே இந்தப் படம்தான். மணிக்கட்டுச் சிற்றெலும்புகளும் விரல் எலும்புகளின் நுனித் தட்டுகளும் எந்த வயதில் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரிப் படத்தொகுப்பு உண்டு. அதோடு ஒப்பிட்டு, பிறந்த தேதிப்படி வயது ஒன்பது என்றாலும் எலும்புக்கு ஏழுதான் ஆகிறது என்று சொல்வோம். எலும்பு இரண்டு வருஷம் பின்னால் இருந்தால், மற்ற பிள்ளைகள் வளர்ந்து முடித்த பிறகும் இவனுக்கு வளர நாள் மிச்சம் இருக்கிறது. இங்கே உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி: அவர் எப்போது மளமளவென்று வளர்ந்தார்? எட்டாம் வகுப்பிலா, ப்ளஸ் டூவிலா, காலேஜ் போன பிறகா? மீசை எப்போது அரும்பியது? நீங்கள் வயசுக்கு வந்தது எத்தனையில்? அப்பாவும் தாமதமாக வளர்ந்தவர், மகனின் எலும்பும் பின்தங்கியிருக்கிறது, வருஷத்துக்கு ஐந்து செ.மீ.யும் வருகிறது என்றால், அது நோய் இல்லை. தாமத வளர்ச்சி மட்டுமே. எலும்பு வயது பிறந்த வயதோடு ஒத்துப்போனால் குடும்ப உயரம்தான் என்ற பக்கம் சாயும். ஆனால் தைராய்டு குறைபாட்டிலும் வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டிலும்கூட எலும்பு பின்தங்கும். அதனால் படத்தைத் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மறுபடியும் உயரம் அளக்கும் டேப்தான் வழக்கைத் தீர்க்கும்.

ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனைப் பிடிக்க முடியாதென்றால் அதன் வேலையை எப்படி அளப்பது? ஐ.ஜி.எஃப்-1 என்று ஒன்று இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் கட்டளைப்படி பெரும்பாலும் கல்லீரல் தயாரிப்பது. பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும், சாப்பிட்ட பிறகும் எடுக்கலாம். உங்கள் பேக்கேஜில் 0.08-க்குப் பதில் இதை வைத்திருந்தால் உபயோகம். இதிலும் குழி உண்டு. சரியாகச் சாப்பிடாத குழந்தை, தைராய்டு குறைந்த குழந்தை, கல்லீரல் நோய் உள்ள குழந்தை எல்லோருக்கும் ஐ.ஜி.எஃப்-1 குறையும். ஐந்து வயதுக்குள் இயல்பாகவே அடிமட்டத்தில் இருப்பதால் குறைவா நார்மலா என்று பிரிப்பதே கஷ்டம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஐ.ஜி.எஃப்-ஐ ரத்தத்தில் சுமந்து செல்லும் ஐ.ஜி.எஃப்.பி.பி-3 என்ற புரதம் சற்று உதவும். எலும்பு பின்தங்கிய பையனின் ஐ.ஜி.எஃப்-1-ஐப் பிறந்த வயதுக்கான அளவோடு ஒப்பிட்டால் பொய்யாகக் குறைவு தெரியும், எலும்பு வயதுக்கான அளவோடு ஒப்பிட வேண்டும். லேப் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பிறந்த தேதியைப் பார்த்துச் சிவப்பு மை போட்டுவிடும்.

இத்தனையும் பார்த்து, வளர்ச்சி வேகமும் குறைந்து, ஐ.ஜி.எஃப்-1-உம் கீழே இருந்தால்தான் உண்மையான வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் வரும். ஸ்டிமுலேஷன் டெஸ்ட் என்பார்கள். மடை திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல், மருந்து கொடுத்துத் திறக்கவைத்து எவ்வளவு பாய்கிறது என்று பார்ப்பது. குழந்தை இரவு சாப்பிட்டதோடு வெறும் வயிற்றில் காலையில் வர வேண்டும். கை நரம்பில் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாய் ஒன்றைப் போட்டுவிடுவார்கள், அதனால் ஒவ்வொரு தடவையும் குத்தமாட்டார்கள். நம் ஊரில் அதிகம் நடப்பது குளோனிடின் மாத்திரை. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பார்களே, அதேதான். மாத்திரைக்கு முன் ஒரு ரத்தம், பிறகு அரை மணிக்கு ஒன்றாக ஒன்றரை, இரண்டு மணி நேரம். பிள்ளை நன்றாகத் தூங்கிவிடும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும், எழுப்பி நடக்கவைத்தால் தலை சுற்றும். அன்றைக்கு ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டாம். இன்னொன்று குளுக்ககான் ஊசி. இது மூன்று மணி நேரம் இழுக்கும், குமட்டும், சிலர் வாந்தி எடுப்பார்கள், கடைசியில் சர்க்கரை இறங்கலாம் என்பதால் சாப்பிட்டுச் சரியான பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இன்சுலின் போட்டுச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கிப் பார்க்கும் டெஸ்டும் இருக்கிறது. அது அனுபவமுள்ள டாக்டர் பக்கத்திலேயே நிற்கிற இடத்தில் மட்டும்தான் நடக்க வேண்டும். வலிப்பு வந்த பிள்ளைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடாது.

ஒரு டெஸ்டில் எண் ஏறவில்லை என்றால் உடனே முத்திரை குத்துவதில்லை, வேறொரு மருந்தை வைத்து இரண்டாவது டெஸ்டும் செய்வோம். காரணம், முழு ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே கணிசமான பேர் ஒரு டெஸ்டில் தோற்பார்கள். குண்டான குழந்தைக்கு ஏறாது. தைராய்டைச் சரிசெய்யாமல் டெஸ்ட் எடுத்தால் ஏறாது. பருவமடையும் வாசலில் நிற்கிற, இன்னும் உள்ளே காலெடுத்து வைக்காத பையனுக்கும் ஏறாது, ஏனென்றால் பாலியல் ஹார்மோன்தான் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்புவது. அதனால் பதினொன்றைத் தாண்டியும் பருவ அறிகுறி தெரியாத பையனுக்கு டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பு சிறிய டெஸ்டோஸ்டிரோன் ஊசியும், பத்தைத் தாண்டிய அப்படிப்பட்ட பெண்ணுக்கு இரண்டு நாள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் கொடுத்துவிட்டு டெஸ்ட் செய்வது உண்டு. எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை. செய்யாமல் எடுத்த ரிசல்ட்டில் தாமத வளர்ச்சிப் பிள்ளைகள் "குறைபாடு" என்று பெயர் வாங்கிக்கொண்டு வருவதைத் தவிர்க்க முடியாது.

எத்தனைக்குக் கீழே போனால் தோல்வி? சில இடத்தில் 10, சில இடத்தில் 7. இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1958-இல் மாரிஸ் ராபன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த ஹார்மோனைக் கொடுத்து ஒரு நோயாளியை வளரவைத்ததைப் பதிவு செய்தபோது, அதை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள். ஒருவருக்கே நிறையச் சுரப்பிகள் தேவைப்படும். கையிருப்பு குறைவு என்பதால், மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும்படி எல்லைக்கோட்டைத் தாழ்வாகப் போட்டார்கள். 1985-இல் அந்த மருந்தால் சிலருக்கு மூளையை அரிக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் வந்தது தெரிந்து நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து தாராளமானதும் கோடும் 5, 7, 10 என்று மேலே ஏறியது. குழந்தைகளின் உடம்பு மாறவில்லை, சரக்கு இருப்பு மாறியது. அதனால் 9.2 வந்த பிள்ளைக்குக் குறைபாடு, 10.3 வந்த பிள்ளைக்கு இல்லை என்று நான் பேச மாட்டேன். 2 வந்தால் யோசிப்பேன்.

இரண்டு டெஸ்டிலும் நிஜமாகவே குறைந்தால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சுரப்பி பிறவியிலேயே சிறுத்திருக்கலாம், அதை மூளையோடு இணைக்கும் காம்பு அறுந்திருக்கலாம், அபூர்வமாகக் கட்டியும் இருக்கலாம். காலையில் வாந்தியோடு தலைவலி, பார்வை மங்கல், தாகமும் சிறுநீரும் அதிகம் என்று ஏதாவது இருந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பெண் குழந்தை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. குட்டையாக இருக்கும் பெண்ணுக்கு, பார்வைக்கு வேறு எந்தக் குறையும் இல்லை என்றாலும், குரோமோசோம் டெஸ்ட் வேண்டும். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு டர்னர் சிண்ட்ரோம் இருக்கும், அதாவது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ இருக்கும். உயரக் குறைவு மட்டுமே தடயமாக இருப்பது உண்டு. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். பார்த்தால் போதாதா என்பார்கள். நடுக் குழந்தைப் பருவத்தில் அது நார்மலாகவே வரலாம். பதின்மூன்று வயதில் "இன்னும் வயசுக்கு வரவில்லை" என்று கூட்டிவரும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்குள் வளரக் கிடைத்த வருஷங்களில் பாதி போயிருக்கும்.

ஊசி எப்போது என்று கேட்டீர்கள். இப்போதைக்கு இல்லை. வளர்ச்சி ஹார்மோன் என்றால் பெரும்பாலும் தினமும் இரவு தோலுக்கடியில் ஒரு ஊசி, வருஷக்கணக்கில், கணிசமான செலவில். குறைபாடு உறுதியானவர்களுக்கும் டர்னர் போன்ற சில நிலைகளுக்கும் அது பெரிய வரம். எந்தக் குறையும் இல்லாமல் வெறுமனே குட்டையாக இருக்கும் பிள்ளைகளுக்கும் போட அமெரிக்கா 2003-இல் அனுமதித்தது. வருஷக்கணக்காகப் போட்டுக் கிடைப்பது சராசரியாகச் சில சென்டிமீட்டர்தான். டப்பாவில் விற்கும் உயரப் பவுடர்களுக்கு அந்தச் சென்டிமீட்டர்கூட இல்லை.

உங்கள் மகனுக்கு நான் எழுதித் தருவது இதுதான்: எலும்பு வயது எக்ஸ்ரே, மேலே சொன்ன சாதாரண ரத்த, சிறுநீர் டெஸ்ட்கள், ஐ.ஜி.எஃப்-1, சில வாரம் கழித்துத் தைராய்டு மறுபடியும். ஆறு மாதம் கழித்துக் காலையில் ஒரு அளவு. இரண்டரை செ.மீ.க்குப் பக்கத்தில் ஏறியிருந்தால் மறுபடி ஆறு மாதம். இரண்டுக்கும் கீழே என்றால் குழந்தை ஹார்மோன் டாக்டரிடம் ஸ்டிமுலேஷன் டெஸ்ட் பற்றிப் பேசலாம். போகும்போது தடுப்பூசி அட்டை, பிறந்த எடை எழுதிய டிஸ்சார்ஜ் காகிதம், ஸ்கூலில் உயரம் குறித்த பழைய கார்டு எல்லாம் எடுத்துப் போங்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் ஃபிலிமையே கொண்டுபோங்கள். எலும்பு வயதை ஒரே படத்தில் இரண்டு பேர் பார்த்தால் ஆறு மாதம், ஒரு வருஷம் வித்தியாசமாகச் சொல்வது சகஜம். உங்கள் டாக்டர் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத்தான் விரும்புவார்.